ஏழாம் அத்தியாயம்: விறகுக்காக மரம் ஏறாதீர்கள்

"மரத்தை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. அப்புறம் கூலின்னு தனியா எதுக்கு?"

மரம் கழிக்கும் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. புளிக்கும் வேம்புக்கும் வாகைக்கும் மரவாடியில் விலை உண்டு, மற்றவை விறகுக்கடைக்கோ சூளைக்கோ போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். அவர் கைக்காசு போகாமல் வேலை முடிகிறது. உங்களுக்கும் ஒரு குட்டியானை நிறையக் கட்டை கிடைக்கிறது. நியாயமான பேரமாகத்தான் தோன்றும்.

ஆனால் கூலியை விறகாக வாங்குகிறவரின் கண் தானாகவே பருத்த கிளைக்குப் போகும். வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னது ஓட்டை உரசும் நுனிக்கொம்புகளையும் நடுவில் காய்ந்து நிற்கும் வாதுகளையும்தான். அந்த மிலாறுக்கு எடைமேடையில் ஒன்றும் தேறாது. ஆகவே அடிக்கிளை இரண்டு போகும், "இதையும் எடுத்தா நல்லா வெளிச்சம் வரும்மா" என்று மூன்றாவதும் போகும். சாயங்காலம் மரம் மொட்டையாக நிற்கும். அடுத்த மழைக்கு வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பும். அவை மரத்தின் உள்ளிருந்து வருபவை அல்ல, பட்டையோரத்தைப் பற்றிக்கொண்டு நீள்பவை. சில வருடங்களில் கைப்பருமன் ஆனதும் காற்றில் பிய்ந்து அதே ஓட்டின்மேல் விழும்.

இந்த அத்தியாயத்தில் கயிறு, ஹார்னஸ், செயின்சா, பில்புத்தகம் எல்லாம் வருகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கூலிப் பேச்சைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விறகுக்கு வேலை செய்கிறவர் கயிறு வாங்குவதில்லை. கயிறில்லாதவரால் மரத்தை ஒழுங்காகக் கழிக்கவும் முடிவதில்லை. ஏன் என்று கீழே பார்க்கலாம்.

எஸ்டிமேட் சொல்லும்போது மூன்று வரியாகச் சொல்லுங்கள்: மரத்தில் செய்யும் வேலைக்கு இவ்வளவு, கழிவை ஏற்றி அப்புறப்படுத்த இவ்வளவு, கட்டையை நாங்கள் எடுத்துக்கொண்டால் இவ்வளவு தள்ளுபடி. கட்டைக்கு மதிப்பு இருந்தால் அது மூன்றாவது வரியில் வீட்டுக்காரருக்குக் குறையட்டும். முதல் வரியில் கை வைக்க விடாதீர்கள்.

ஏறுவதற்கு முன் சுற்றிவருதல்

மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து விலை சொல்லும் பழக்கத்தை விடுங்கள். முதலில் தெருமுனைக்குப் போய் அங்கிருந்து பாருங்கள். சாய்வும், ஒருபக்கம் கனத்துக் கிடக்கும் தலையும் தூரத்தில் இருந்தால்தான் தெரியும். பிறகு கிட்டே வந்து தூரைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டிருக்கிறார்களா, மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ அண்மையில் பள்ளம் தோண்டினார்களா, தூரில் காளான் முளைத்திருக்கிறதா, மரச்சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த மரங்கள்மேல் பழி போட்டுப் பேசினார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில், ஒருபக்க வேரை வடிகால் சுவர் வெட்டிவிட்ட நிலையில், எந்தச் சாதி மரம் நின்றாலும் அந்தக் காற்றைத் தாங்கியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் வேலை அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். ஒருபக்க வேர் போன மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள். கிரேன் அல்லது ஏணி வண்டி வைத்துச் செய்யும் விலையைச் சொல்லுங்கள், ஒத்துவரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மரத்துக்கு மரம் நம்பிக்கை மாறும். வேம்பும் புளியும் உடைவதற்கு முன் வளைந்து காட்டும். நாவல் அப்படி இல்லை, பச்சைக்கிளையே பட்டென்று முறியும். முருங்கையிலும் ஒதியிலும் ஆள் பாரத்தை வைக்கவே கூடாது. தைல மரம் காற்றில்லாத மத்தியானத்திலும் கிளையை உதிர்க்கும்.

பூச்சிகளை மறக்காதீர்கள். முசுறு கடித்தால் வேட்டியை உதறிக்கொண்டு இறங்கலாம். கதண்டுக் கூடும் மலைத்தேனீ அடையும் அப்படியல்ல. கயிற்றில் தொங்குகிறவரால் ஓட முடியாது. செயின்சா சத்தமும் அதிர்வும் அவற்றைக் கிளப்பிவிடும். கூடு கண்ணில் பட்டால் அன்றைய வேலை அத்துடன் நிற்கட்டும்.

கீழே விழ இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. கார், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது செப்டிக் டேங்க் மூடி. மண் மூடிக் கிடக்கும் பழைய சிமென்ட் பலகைமேல் ஒரு கட்டை விழுந்தால் அன்றைய லாபம் மட்டுமல்ல, அந்த மாத லாபமும் உள்ளே போய்விடும். டேங்க் எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மரம் யாருடையது என்பதையும் கேளுங்கள். வீட்டு வாசலில் நின்றாலும் காம்பவுண்டுக்கு வெளியே இருந்தால் அது மாநகராட்சி, ஊராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையின் மரம், எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. சந்தனம் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும். ஈட்டி என்றாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டே தொடுங்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. "எனக்கு அந்த ஆபீசர் தெரியும்" என்று வீட்டுக்காரர் சொல்வது அனுமதி ஆகாது. வழக்கு வந்தால் முதலில் பிடிபடுவது மிஷின் பிடித்த கைதான்.

கயிறு முதலில்

பனையேறிகளின் தளைநாரையும், தென்னையில் வெறுங்காலோடு ஏறும் கையையும் பார்த்து வளர்ந்த நமக்குக் கயிற்று ஏற்றம் வெளிநாட்டு ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். அந்தத் திறமையைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் பனையும் தென்னையும் கிளையில்லாத மரங்கள். வேலை உச்சியில், அடிமரத்தை ஒட்டியே இருக்கிறது. பரந்த தூங்குமூஞ்சியில் வேலை அடிமரத்திலிருந்து 30 அடி தள்ளி, கட்டைவிரல் பருமனுள்ள நுனியில் இருக்கிறது. அங்கே காலூன்றி நிற்க முடியாது. கயிறில்லாதவர் நிற்கக்கூடிய இடம் கவட்டைக்கு அருகே, பருத்த கிளையின் மேல்தான். நிற்கிற இடத்திலிருந்து கை எட்டுகிற இடத்தைத்தான் வெட்டுவார். மரம் மொட்டையாவதற்கு விறகாசை ஒரு காரணம் என்றால் இது இரண்டாவது காரணம்.

கயிற்றை உச்சிக்கு அருகில் ஒரு பலமான கவட்டையில் போட்டு, உடல் பாரத்தை அதில் தொங்கவிட்டால், கிளைமேல் பாதம் சும்மா தொட்டுக்கொண்டு போகும். நுனிவரை நடக்கலாம். கைரம்பத்தால் சிறு வெட்டுகள் போட்டுவிட்டுத் திரும்பலாம். ஆக, கயிறு விழாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நல்ல வேலைக்கான கருவியே அதுதான்.

என்ன வாங்குவது? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கட்டட வேலை பெல்ட்டுக்கு முதுகில் வளையம் இருக்கும். சாரத்திலிருந்து விழுபவரைப் பிடித்து நிறுத்துவதற்கானது அது. முதுகில் தொங்கிக்கொண்டு மரம் வெட்ட முடியாது. உங்களுக்கு வேண்டியது இடுப்பையும் தொடையையும் தாங்கி, முன்பக்கம் கயிறு மாட்டவும் இடுப்பின் இருபுறமும் லேன்யார்டு என்னும் குட்டைக் கயிறு மாட்டவும் வளையங்கள் உள்ள இருக்கை ஹார்னஸ். ஐரோப்பியத் தர எண் இஎன் 813, இஎன் 358 இரண்டும் அதில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றாலைப் பராமரிப்பு, உயரக் கட்டடம் கழுவும் வேலைக்குக் கருவி விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உட்கார்ந்து தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அரைமணி நேரத்தில் தொடை மரத்துப்போகும் ஹார்னஸ் எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன், அதிகம் இழுபடாத வகை. இஎன் 1891 ‘ஏ’ தரக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ பாரம் தாங்கும். கடைகளில் மஞ்சளும் நீலமுமாகத் தொங்கும் பிளாஸ்டிக் கயிறு ஆளுக்கு ஆகாது. வெயிலில் நைந்துவிடும், வழுக்கும், உராய்வுச் சூட்டில் உருகும். கட்டை இறக்கிய கயிற்றை ஆள் ஏறப் பயன்படுத்தக் கூடாது, ஆள் ஏறும் கயிற்றில் கட்டையை இறக்கவும் கூடாது. நிறத்தாலேயே பிரித்துவைத்துவிடுங்கள்.

கயிற்றில் ஏறி இறங்க, பிடித்தால் நிற்கும் தளர்த்தினால் நகரும் உராய்வு முடிச்சு ஒன்று வேண்டும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சிலிருந்துதான் இவையெல்லாம் கிளைத்தன. இன்று மரக்காரர்கள் பெரும்பாலும் பிளேக் முடிச்சிலோ டிஸ்டல் முடிச்சிலோ தொடங்குகிறார்கள். உலோகத்தில் பெட்சல் ஜிக்ஜாக் போன்ற கருவிகள் உண்டு. வசதிதான், ஆனால் முடிச்சைக் கற்காமல் கருவிக்குப் போகாதீர்கள். கருவி சிக்கிக்கொண்ட நாளில் இடுப்பிலிருக்கும் ஒரு துண்டுக் கயிறும் கை அறிந்த முடிச்சும்தான் இறக்கிவிடும்.

தொழில்காரர்கள் இருவர் சேர்ந்தால் ஒற்றைக் கயிறா இரட்டைக் கயிறா என்ற வாதம் வராமல் போகாது.

"அண்ணே, ஒத்தக் கயித்துல கால்ல கிளிப் மாட்டி ஏறுனா மூச்சே வாங்கலண்ணே. இனிமே ரெட்டக் கயிறே தொடமாட்டேன்."

"ஏறுறது சரிடா. கயிற எங்க கட்டின, தூர்லயா? அப்பக் கவட்டைக்கு உன் பாரம் ரெண்டு மடங்காப் போகுமே, பார்த்தியா?"

அண்ணன் சொல்வது சரி. ஒற்றைக் கயிற்றை உச்சிக் கவட்டைமேல் போட்டு அடிமரத்தில் கட்டினால், கவட்டையின் மேல் ஏறக்குறைய இரு மடங்குப் பாரம் விழும். ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிச் சோதிப்பது இதற்காகத்தான். இரட்டைக் கயிற்றில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கயிறு கவட்டையில் ஓடிக்கொண்டே இருப்பதால் பட்டை அறுபடும், கயிறும் தேயும். கவட்டையில் தோல் உறையோ வளையப்பட்டையோ போட வேண்டும். தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு இரட்டைக் கயிறுதான். மெதுவானது. புதியவருக்கு மெது நல்லது.

கயிற்றைக் கவட்டையில் போட, 200 முதல் 400 கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய நூலில் கட்டி எறிவார்கள். தினம் கால்மணி நேரம் எறிந்து பழகினால் வந்துவிடும். இதைப் பழகாதவர்கள்தான் காலில் இரும்பு முள் மாட்டி ஏறுகிறார்கள். முள் செருப்பு முழுதாக வெட்டி எடுக்கப்போகும் மரத்துக்கு மட்டும். நிற்கவேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண். தென்னையில் இது இன்னும் மோசம். முள் குத்தியதும் படி வெட்டியதுமான இடங்களைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். தென்னையில் பச்சை மட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அடியிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டுங்கள் என்று வேளாண் துறையினர் சொல்வதும் இதனால்தான்.

மிஷினை ஓட்டும்போது இரண்டு பிடிப்பு இருக்க வேண்டும்: ஏறும் கயிறு ஒன்று, இடுப்பு லேன்யார்டு ஒன்று. லேன்யார்டு எஃகு உள்நரம்பு வைத்ததாக இருந்தால் நல்லது. ஆனால் எஃகு நரம்பையும் செயின்சா சற்றுத் தாமதமாக அறுக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் விதிப்படி ஆளைத் தாங்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதித்து எழுதிவைக்க வேண்டும். நம்மிடம் கேட்பார் இல்லை. ஆகவே ஒரு 40 பக்க நோட்டில் நீங்களே எழுதுங்கள்: வாங்கிய தேதி, பார்த்த தேதி, என்ன கண்டீர்கள். நாராலும் துணியாலும் ஆனவற்றுக்குப் பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டை உச்சவரம்பாக வைக்கிறார்கள். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் அதற்கு வெகுமுன்பே கழித்துவிட வேண்டிவரும். கழித்த கயிற்றைத் துண்டு போட்டுவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்து ஏறிவிடுவார்கள்.

கீழே நிற்பவரும் ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கென்று இரண்டாவது ஹார்னஸும் கயிறும் அங்கேயே இருக்க வேண்டும். மயங்கித் தொங்குகிறவரைத் தீயணைப்பு வண்டி வரும்வரை தொங்கவிடக் கூடாது. அசைவில்லாமல் ஹார்னஸில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

செயின்சா பிறகு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் மிஷினைத்தான் வாங்குகிறார்கள். அதுவும் பெரிய மிஷின். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி மிஷின்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: வாங்கும் முன் உங்கள் ஊரில் அதற்குக் கிளட்சும் ஆயில் பம்பும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சீசனில் ஒரு வாரம் மிஷின் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் மிச்சம்பிடித்த காசு போய்விடும்.

சிறு தொழிலுக்கு இரண்டு மிஷின் போதும். கிளை கழிக்க 30 சிசி அளவில் ஒன்று. ஸ்டில் எம்எஸ் 180 போன்றது 31.8 சிசி, பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் 3.9 கிலோ. அடிமரம் அறுக்க 70 சிசி அளவில் ஒன்று. மேல்கைப்பிடி வைத்த சிறு மிஷின் மரத்தின்மேல் கயிற்றில் இருப்பவருக்கென்று செய்தது, தரையில் பயன்படுத்துவதற்கில்லை. ஒருகையால் பிடிக்க வசதியாக இருப்பதே அதன் ஆபத்து. ஒருகையால் கிளையைப் பிடித்து மறுகையால் அறுப்பது பார்க்க லாவகமாக இருக்கும். மிஷின் துள்ளினால் போகப்போவது கிளையைப் பிடித்த கைதான்.

துள்ளல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். இலைக்கூட்டத்துக்குள் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அறுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கைத்தடுப்புதான் செயின் பிரேக். அதை உடைத்துப் போட்டுவிட்டு ஓட்டும் மிஷின்களை மரவாடிகளில் பார்க்கலாம். அப்படிப்பட்ட மிஷினைச் செகண்ட்ஹேண்டில் வாங்காதீர்கள். எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், அளவுக்குப்பி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலிசெய்து, மிஷின் தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். மழைக்காலம் முடிந்து ஸ்டார்ட் ஆகாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் மிஷின்களில் பலவற்றுக்கும் நோய் கார்புரேட்டரில் நாள்பட்ட பெட்ரோல்தான். செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அதிலிருக்கும் உலோகத்தூள் ஆயில் பம்பைத் தின்னும், கைத்தோலுக்கும் ஆகாது.

செயின் மழுங்கியதை அறுப்பிலேயே கண்டுபிடிக்கலாம். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவு உதிர்க்கும். மாவு வந்தால் அழுத்தாதீர்கள், நிறுத்தி அரம் போடுங்கள். சிறு மிஷினின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், பெரியதற்கு 5.2. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, 30 பாகை சாய்வு. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் அறுப்பு வளைந்துபோகும். நம் தெருமரங்களில் விளம்பரத் தட்டி அடித்த ஆணியும், துணிக்கொடி கட்டி மரம் விழுங்கிய கம்பியும் இல்லாத அடிமரம் அபூர்வம். பட்டையில் கருநீலக் கறை ஒழுகியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள். பழைய செயினை மாட்டிக்கொண்டு அறுங்கள்.

பேட்டரி மிஷின் வந்துவிட்டது. சத்தம் குறைவு என்பதால் அடுக்குமாடிகளிலும் மருத்துவமனை வளாகத்திலும் அதற்கே வேலை கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொரு காரணத்துக்காக: மேலே இருப்பவர் கூப்பிடுவது கீழே கேட்கிறது. ஆனால் சத்தமில்லாத மிஷின் அணைந்திருப்பதாக எண்ணவைக்கும், விரல் பட்டதும் ஓடும். இடுப்பில் தொங்கவிடும் முன் பிரேக் போடுவதைக் கைப்பழக்கமாக்குங்கள்.

கால்சட்டை விஷயத்தில் வெயிலைச் சாக்குச் சொல்வார்கள். செயின்சா கால்சட்டையின் உள்ளே இருக்கும் நீள நார்கள் செயினைச் சுற்றிக்கொண்டு மிஷினை நிறுத்துகின்றன. தரையில் வேலை செய்பவருக்கு முன்பக்கம் மட்டும் பாதுகாப்புள்ள வகை போதும். அதையே பட்டையாகக் கட்டிக்கொள்ளும் முன்தடுப்பு வடிவில் வாங்கினால் வெயிலுக்குச் சமாளிக்கலாம். மரத்தின்மேல் இருப்பவருக்குக் கால் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் சுற்றிலும் பாதுகாப்புள்ள ‘சி’ வகை. லுங்கியோடு மிஷின் பிடிக்கும் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெட்டு எங்கே, எடை எவ்வளவு

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அந்த வளையத்துக்கு வெளியே வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும். அடிமரத்தோடு சமமாகச் சீவினால் அந்த வளையமும் போய், புண் உள்ளே அழுகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதை நிலைநாட்டினார். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணி எதையும் பூச வேண்டியதில்லை என்பதும் அவர் காட்டியதுதான். மூன்று வெட்டாக வெட்டுங்கள். வளையத்திலிருந்து ஓரடி தள்ளி அடியிலிருந்து ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. பாரம் போன பிறகு வளையத்தை ஒட்டிக் கடைசி வெட்டு. முதல் வெட்டைச் சோம்பலில் விட்டால் கிளை கிழிந்து பட்டையோடு இறங்கும்.

பச்சை மரம் கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒரு மீட்டர் நீளத்துண்டு 30 சென்டிமீட்டர் விட்டத்தில் 70 கிலோ. 40இல் 125 கிலோ. 60இல் 280 கிலோ. விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு என்பதைக் கண்ணால் ஊகிக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் தெரியும். அந்தத் துண்டு கயிற்றில் ஒரு மீட்டர் விழுந்து நின்றால் கயிறும் கப்பியும் தாங்க வேண்டியது அதன் எடையைப் போலப் பலமடங்கு. எனவே சிறிதாக அறுங்கள். கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு மெதுவாக ஓடவிட்டு இறக்குங்கள். கையால் இழுத்துப் பிடிப்பேன் என்று நிற்கும் ஆளைக் கயிறு மேலே தூக்கிவிடும்.

மின்கம்பி

இங்கே பேரமே இல்லை. கம்பியிலிருந்து 10 அடிக்குள் கிளை வந்தாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து லைன் கிளியர் வாங்க வேண்டும். லைன்மேன் வந்து பிரித்து, எர்த் பண்ணிய பிறகுதான் ஏற வேண்டும். பவர்கட் நேரத்தைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் வந்துவிடும். அது வராவிட்டாலும், தவறாக இணைத்த ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். பச்சைக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத் துரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதை வண்டியிலேயே ஏற்றாதீர்கள்.

கணக்கு

கருவி விலையைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, கயிறு, ஹார்னஸ், கொக்கிகள், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகிறது, மூன்று வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 20,000. மழை, விசேஷம், வேலையில்லாத நாள் போக வருடத்துக்கு 160 நாள் வேலை என்றால் நாளைக்கு 125 ரூபாய். நான்கு பேர் டீ, வடை சாப்பிடும் காசு. இதே மாதிரி மிஷின் தேய்மானம், செயின், பெட்ரோல், வண்டி வாடகை எல்லாவற்றையும் நாள்கணக்காக்கிக் கூட்டுங்கள். அதன்மேல் ஆட்கூலி, அதன்மேல் உங்கள் கூலி. உங்கள் கூலி என்பது மிச்சப்படுவதற்குப் பெயர் இல்லை. அதையும் செலவாக எழுதினால்தான் சொல்லும் விலை சரியா என்று தெரியும்.

விலையை மரத்துக்கு இவ்வளவு என்று சொல்வதைவிட அரைநாள், முழுநாள் என்று மனதுக்குள் கணக்கிட்டு, வெளியே மொத்தமாகச் சொல்லுங்கள். என்னென்ன செய்வீர்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள்: "கிழக்குப்பக்கம் ஓட்டிலிருந்து 6 அடி இடைவெளி, காய்ந்த கொம்புகள் நீக்கம், உயரம் குறைப்பு இல்லை." வேலை நடக்கும்போது வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து "அந்தக் கிளையையும் எடுத்துடுப்பா" என்பார். அந்தத் தாள் அப்போது உதவும். தொடங்கும் முன் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துவையுங்கள். முன்பே உடைந்திருந்த ஓட்டுக்குக் காசு கேட்பது நடக்காத விஷயமல்ல.

அடுக்குமாடிச் சங்கம், பள்ளி, தொழிற்சாலை இவற்றின் வேலை வேண்டுமென்றால் பில் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். சேவைத்தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கம்பெனிகள் தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்தது வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கக்கூடிய பணம், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆளுக்கு அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. "அவன் என் மச்சான், ஒண்ணும் கேட்கமாட்டான்" என்பது ஆஸ்பத்திரி பில் வரும்வரைதான் செல்லும். பிரதமர் சுரக்ஷா பீமாவில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பு. எல்லோருக்கும் வங்கிக்கணக்கில் போட்டுவிடுங்கள். அது போதாது, வொர்க்மென் காம்பன்சேஷன் பாலிசி ஒன்று தனியாக எடுங்கள். விண்ணப்பத்தில் "தோட்ட வேலை" என்று மழுப்பாமல் உயரத்தில் மரம் வெட்டும் வேலை என்றே எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் ஏறும். மழுப்பி எழுதிய பாலிசி கிளெய்ம் நாளில் கைவிட்டுவிடும். தென்னை ஏறும் ஆட்கள் இருந்தால், தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சிக்கு அனுப்புங்கள். ஏறுகருவியும் கற்கலாம், வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டுக்கும் வழி கிடைக்கும்.

வேலை வருடம் முழுக்கச் சீராக வராது. ஆடிக்காற்றில் ஒரு அலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் பெரிய அலை, புயலடித்தால் இரவுபகல் பாராமல் போன். புயலுக்கு அடுத்த வாரம்தான் இந்தத் தொழிலில் பணம் கொட்டும், ஆளும் அதிகம் அடிபடுவது அப்போதுதான். சாய்ந்து கிடக்கும் மரத்தின் ஒவ்வொரு கிளையும் ஏதோவொரு பக்கம் வளைந்து இறுகி நிற்கும். தவறான பக்கம் அறுத்தால் பார் கவ்விக்கொள்ளும் அல்லது கிளை சவுக்கடியாகத் திரும்பும். வேரோடு பெயர்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்துப் பாரம் குறைந்ததும் வேர்த்தட்டு மறுபடி குழிக்குள் சரிந்து உட்காரும். அந்தக் குழிக்குள் ஆளோ குழந்தையோ இல்லை என்று ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த வாரம் விலையை இரட்டிக்கலாமா என்று கேட்பார்கள். வழக்கமான வாடிக்கையாளருக்குப் பழைய விலை, புதியவருக்குக் கூடுதல் ஆளும் கூடுதல் நேரமும் சேர்த்த விலை என்பது என் வழக்கம். இரவு வேலைக்கு எந்த விலைக்கும் ஒப்புக்கொள்வதில்லை, சாலையை மறித்துக் கிடந்தாலும் தீயணைப்புத் துறையின் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம்.